ராஜபார்ட் நடிகர் ஒருவரின் மேடை வாழ்க்கையை எழுதி வைப்பது எப்படி

மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல், காரைக்குடி வட்டாரங்களில் ஸ்பெஷல் நாடகம் (நிலையான கம்பெனி இல்லாமல், ஒவ்வோர் இரவுக்கும் கலைஞர்களைத் தனித்தனியாக அமர்த்தி நடத்துவது) ஆடிய மூத்த கலைஞர் ஒருவர் உங்கள் குடும்பத்திலோ ஊரிலோ இருந்தால், அவருடைய மேடை வாழ்க்கையை ஒழுங்காக எழுதி வைப்பதற்கான வழிமுறை இது. அதற்கு எழுத்தாளராக இருக்க வேண்டிய அவசியமில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும், ஒலிப்பதிவு செய்யக்கூடிய செல்பேசியும், பழைய நாட்காட்டியைப் புரட்டிப் பார்க்கும் பொறுமையும், ஏழெட்டு மாத அவகாசமும் இருந்தால் போதும். ஆனால் தள்ளிப் போடக் கூடாது. நான் இரண்டு கலைஞர்களைப் பற்றி இப்படி எழுதியிருக்கிறேன். மூன்றாமவருக்கு அறுவடை முடியட்டும் என்று காத்திருந்தபோது, அவருக்கு இருபது ஆண்டுகள் வாசித்த மிருதங்கக்காரர் காலமாகிவிட்டார். அந்த இருபது ஆண்டுகளை அவர் அளவுக்கு அறிந்தவர் வேறு யாரும் இல்லை.

சிறுவர்களையே நடிகர்களாகக் கொண்ட பாய்ஸ் கம்பெனிகளில் ஆடியவர்களின் வாழ்க்கையை எழுதுவது இதைவிட எளிது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) ஆசிரியராக இருந்து மதுரையில் 1918ஆம் ஆண்டு தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை எடுத்துக்கொண்டால், சபை எந்த ஊரில் முகாமிட்டது, எந்த நாடகத்தில் யாருக்கு என்ன வேடம் என்பதற்கெல்லாம் ஒரு தொடர்ச்சி இருந்தது. சிறுவனாக அதில் சேர்ந்த அவ்வை டி.கே. சண்முகம் தம் நாடக வாழ்க்கையைப் பிற்காலத்தில் விரிவாக எழுத முடிந்ததற்கு, அவருடைய நினைவாற்றலோடு அந்தத் தொடர்ச்சியும் துணை நின்றிருக்க வேண்டும். ஸ்பெஷல் நாடகத்தில் கம்பெனி என்பதே கிடையாது. ராஜபார்ட் (நாயக வேடம்), ஸ்திரீபார்ட் (நாயகி வேடம்), பபூன் (கோமாளி), டான்ஸ், ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்டு (பக்க வாத்தியங்கள் வாசிப்பவர்) என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அட்வான்ஸ் கொடுத்துத் தேதி வாங்குகிறார்கள். ஒவ்வொருவரும் தத்தம் ஊரிலிருந்து தனியாகப் பேருந்து ஏறி வருகிறார்கள். மேடைக்குப் பின்னால் கட்டிய தட்டியின் மறைவில்தான் அன்றைய குழு ஒன்றுசேர்கிறது. ஒத்திகை இல்லை, இயக்குநர் இல்லை. இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை ஆடிவிட்டு, அவரவர் பையைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். ஆகவே அந்த நடிகருடைய வாழ்க்கையின் கணக்கு ஓரிடத்திலும் முழுமையாக இருக்காது. அவரோடு மேடையில் இருந்தவர்கள் ஆளுக்குக் கொஞ்சமாக அதை வைத்திருக்கிறார்கள். பின்வரும் வழிமுறை முழுவதும் இதை மனத்தில் வைத்து அமைத்ததுதான்.

நோட்டீஸ்களிலிருந்து தொடங்குங்கள்

முதலில் கைக்குக் கிடைப்பவை நாடக நோட்டீஸ்கள். பெரும்பாலான கலைஞர்கள் ஒரு தகரப் பெட்டியிலோ மஞ்சள் பையிலோ கொஞ்சம் வைத்திருப்பார்கள். அவற்றை வாங்கிக்கொண்டு வரவேண்டாம். அவருடைய வீட்டுத் திண்ணையிலேயே பகல் வெளிச்சத்தில் விரித்து, ஃபிளாஷ் போடாமல், முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் படம் எடுத்துக்கொண்டு, அதே வரிசையில் திரும்ப வைத்துவிடுங்கள். பின்பக்கத்தை விட்டுவிடாதீர்கள். பேருந்துச் செலவு, சேர வேண்டிய பாக்கி, அடுத்த நாடகத்தின் ஊர்ப் பெயர் ஆகியவற்றைப் பென்சிலால் குறித்து வைப்பது பல கலைஞர்களுக்கு வழக்கம். முன்பக்கம் ஊரார் அச்சிட்டது. பின்பக்கத்தில் இருப்பதுதான் அவர் கைப்பட எழுதியது.

பழைய நோட்டீஸ்களில் ஆண்டு இல்லாமல் தேதியும் கிழமையும் மட்டும் இருக்கும். அதற்காக அதை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. 'ஏப்ரல் 28, வெள்ளிக்கிழமை' என்று மட்டும் ஒரு நோட்டீஸில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 1960க்கும் 1980க்கும் இடையில் அந்தத் தேதி வெள்ளிக்கிழமையில் வந்த ஆண்டுகள் 1961, 1967, 1972, 1978 ஆகிய நான்குதான். அதே நோட்டீஸில் 'சித்திரா பௌர்ணமியை முன்னிட்டு' என்ற வரியும் இருந்தால் விடை ஒன்றாகிவிடும். அந்த நான்கில் ஏப்ரல் 28 அன்று முழுநிலவு வந்தது 1972இல் மட்டுமே. தமிழ் வருடப் பெயர் அச்சாகியிருந்தால் இன்னும் எளிது, ஆனால் காகிதம் கிழிந்திருக்கும் இடத்தில் கவனம் வேண்டும். 'பிலவ' என்ற மூன்று எழுத்து மட்டும் மிஞ்சியிருந்தால் அது 1961இல் தொடங்கிய பிலவ ஆண்டாகவும் இருக்கலாம், 1967இல் தொடங்கிய பிலவங்க ஆண்டாகவும் இருக்கலாம்.

மாவட்டப் பெயரும் உதவும். புதுக்கோட்டை மாவட்டம் உருவானது 1974 ஜனவரியில். அந்தப் பக்கத்து ஊர் ஒன்றைத் திருச்சி மாவட்டம் என்று குறிக்கும் நோட்டீஸ் அதற்கு முந்தியதாக இருக்க வாய்ப்பு அதிகம். சிவகங்கைப் பக்கத்து ஊரை இராமநாதபுரம் மாவட்டம் என்று குறித்திருந்தால் பெரும்பாலும் 1985க்கு முந்தியது. அதே பகுதியைப் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் மாவட்டம் என்று குறித்திருந்தால் 1985க்கும் 1997க்கும் இடைப்பட்டது.

நோட்டீஸில் இருக்கும் தேதி நாடகம் தொடங்கும் இரவைக் குறிப்பது. கலைஞரின் டைரியில் சில சமயம் விடிந்த நாளின் தேதி இருக்கும். ஒரு நாள் வித்தியாசத்தைக் கண்டு இரண்டும் வெவ்வேறு நாடகங்கள் என்று எழுதிவிடாதீர்கள். நான் முதல் தடவை இப்படித்தான் பதினேழு இரவுகளை முப்பத்துநான்காக எண்ணிவிட்டேன். அந்தக் கலைஞரே படித்துப் பார்த்து, 'தம்பி, நான் ஒரு ஆள்தான்' என்று திருத்தினார்.

நோட்டீஸில் இல்லாத இரவுகள்

நோட்டீஸ் சொல்வது அன்றைக்கு யாரை ஒப்பந்தம் செய்திருந்தார்கள் என்பதை மட்டும். யார் வந்தார், யார் ஆடினார் என்பது வேறு செய்தி. காய்ச்சல், பேருந்துத் தாமதம், குடும்பத்தில் துக்கம் என்று ஏதோ ஒரு காரணத்தால் ஒருவர் வராமல் போவதும், அந்த வேடத்தை வேறொருவர் தாங்கி ஆடுவதும் ஸ்பெஷல் நாடகத்தில் அடிக்கடி நடப்பவை. பல வேடம் தெரிந்த கலைஞரின் உண்மையான திறமை வெளிப்பட்டது பெரும்பாலும் அப்படிப்பட்ட இரவுகளில்தான். அந்த இரவுகளுக்கோ அச்சில் சாட்சி கிடையாது. நோட்டீஸ்களை மட்டும் நம்பி எழுதினால், பல வேடங்களிலும் தேர்ந்தவரை ஒற்றை வேடக்காரராக எழுதி வைத்துவிடுவோம்.

நான் எழுதிய முதல் கலைஞருக்கு என்னிடம் இருந்த நாற்பத்தொரு நோட்டீஸ்களிலும் 'ராஜபார்ட்' என்றே போட்டிருந்தது. அவருக்கு வாசித்த ஆர்மோனியக்காரரைத் தேடிப் போனபோது அவர் சொன்ன ஒரு சம்பவம் என் குறிப்புகளையெல்லாம் மாற்றி எழுத வைத்தது. ஒரு மாசி மாதத்து வள்ளி திருமணத்தில் நாரதர் வேடத்துக்கு ஒப்பந்தமானவர் பதினொரு மணியாகியும் வந்து சேரவில்லை. பபூனும் டான்ஸும் இருந்த சரக்கையெல்லாம் இறக்கிக் கூட்டத்தைப் பிடித்து வைத்திருந்தார்கள். நம்முடைய கலைஞர் வேடனாக வருவதற்கு நள்ளிரவு தாண்ட வேண்டும். அவர் தட்டி மறைவில் ஒரு ஜடாமுடியை எடுத்து வைத்துக்கொண்டு, சப்ளாக்கட்டையைக் கையில் எடுத்து, ஆர்மோனியக்காரரிடம் 'அரைக்கட்டை இறக்கிப் பிடிங்க' என்று மட்டும் சொல்லிவிட்டு நாரதராக மேடை ஏறினார். வள்ளியோடு ஒன்றரை மணி நேரம் தர்க்கம் (பாட்டிலும் வசனத்திலும் நடக்கும் வாக்குவாதம்) செய்துவிட்டு உள்ளே போனவர், முகத்தைத் துடைத்து, சுருதியைப் பழையபடி ஏற்றச் சொல்லி, வேடனாகத் திரும்பி வந்து அதே வள்ளியோடு மறுபடியும் தர்க்கத்தில் உட்கார்ந்தார். நாரதராக அவர் எடுத்த திருப்புகழ் வரி எதையும் வேடனாக எடுக்கவில்லை என்பதை ஆர்மோனியக்காரர் இரண்டு தடவை சொன்னார். சுருதியைக் குறைத்ததும் அதற்காகத்தான். இரண்டு குரலும் ஒருவருடையவை என்று கூட்டத்துக்குத் தோன்றக் கூடாது. அந்த இரவுக்கான நோட்டீஸ் என்னிடம் இருந்தது. அதில் நாரதருக்கு நேராக வராதவரின் பெயர்தான் இருந்தது.

ஆகையால் உங்கள் நோட்டில் ஒவ்வொரு நாடகத்துக்கும் 'அறிவித்த வேடம்' என்றும் 'ஆடிய வேடம்' என்றும் இரண்டு பத்திகள் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டாவது பத்தி நெடுநாள் காலியாகவே இருக்கும். அதை நிரப்புவதற்குத்தான் மற்றவர்களிடம் போகிறோம்.

யாரிடம் என்ன கேட்பது

ஆர்மோனியக்காரரிடம் முதலில் போங்கள். நடிகருக்கு எத்தனை கட்டை சுருதி என்று கேளுங்கள். இளமையில் நாலு கட்டையில் பாடியவர் எந்த வயதில் மூன்றுக்கு இறங்கினார், இரண்டரைக்கு எப்போது வந்தார் என்பது ஆர்மோனியக்காரருக்கு விரல்களிலேயே நினைவிருக்கும். அந்த இறக்கத்தை ஆண்டுகளோடு பொருத்திப் பார்த்தால், எந்தப் பாட்டுகளை அவர் விட்டுவிட்டு வசனத்துக்கு மாறினார் என்பதும் விளங்கும்.

மிருதங்கக்காரரிடம் உடல் அசைவைப் பற்றிக் கேட்க வேண்டும். ஸ்திரீபார்ட் ஆடியவரிடம் தர்க்கத்தைப் பற்றிக் கேட்க வேண்டும். எதிரில் நின்று பதில் சொன்னவருக்குத்தான் கேள்வியின் கூர்மை தெரியும். நம் கலைஞர் விட்டுக்கொடுத்து ஆடுபவரா, எதிராளியைத் திணறடித்துக் கைத்தட்டல் வாங்குபவரா என்பதை அவரைத் தவிர வேறு யாரும் சரியாகச் சொல்ல முடியாது. பபூனுக்கு எல்லாரைப் பற்றியும் தெரியும், ஆனால் அவர் சொல்லும்போது கதை கொஞ்சம் வளரும். நாடக அமைப்பாளரிடம் தேதிப் புத்தகம் இருந்தால் பார்க்கக் கேளுங்கள். ஊர்த் திருவிழாக் கமிட்டியின் வரவுசெலவு நோட்டும் நல்ல ஆதாரம்தான்; யாருக்குப் பணம் போனது என்று அதில் இருப்பதால், யார் உண்மையில் வந்தார் என்பது அதிலிருந்து தெரியும்.

கலைஞரிடம் 'எந்த வருஷம்' என்று கேட்காதீர்கள். தனுஷ்கோடிப் புயலுக்கு முன்பா பின்பா, எம்.ஜி.ஆர். முதலமைச்சர் ஆன பிறகா, மூத்த பெண் பிறந்த பிறகா என்று கேட்டால் பதில் உடனே வரும். புயல் 1964 டிசம்பர், எம்.ஜி.ஆர். முதலமைச்சரானது 1977, அவர் மறைந்தது 1987 டிசம்பர் என்று நீங்கள் பக்கத்தில் குறித்துக்கொண்டால் போதும். ஒரே அமர்வில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் பேச வைக்க வேண்டாம். காலையில் போவதும் பலன் தராது. வாழ்நாளெல்லாம் இரவில் விழித்தவர்களுக்குப் பேச்சு சூடுபிடிப்பது விளக்கு வைத்த பிறகுதான்.

சான்றிதழ்களையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாவட்டக் கலை மன்ற விருதுகள் வயதை ஒட்டியவை. இப்போதைய முறையில் கலை வளர்மணி 19 முதல் 35 வயது வரையிலும், கலைச்சுடர்மணி 36 முதல் 50 வரையிலும் உள்ளவர்களுக்கானது என்பதால், பிறந்த ஆண்டு உறுதியாகத் தெரியாத கலைஞருக்கு இதுவும் ஒரு துப்பு. இவற்றையும் இயல் இசை நாடக மன்றம் வழியாக வரும் கலைமாமணி விருதையும், ஊரார் அன்போடு சூட்டிய பட்டங்களையும் ஒன்றாகக் கலந்து எழுதக் கூடாது. ஊரார் தந்த பட்டம் தாழ்ந்தது என்பதற்காகச் சொல்லவில்லை. யார் தந்தது, எந்த ஊரில், எந்த நாடகத்துக்குப் பிறகு என்று எழுதினால் அதன் மதிப்பு கூடவே செய்யும்.

'ஐயாயிரம் மேடை கண்டவர்' என்பது போன்ற எண்களை எப்படிக் கையாள்வது என்ற கேள்வி கட்டாயம் வரும். யாழ்ப்பாணத்து நடிகமணி வி.வி. வைரமுத்து (1924–1989) அரிச்சந்திர மயான காண்டத்தை மூவாயிரம் முறைக்கு மேல் மேடையேற்றியதாகச் சொல்வார்கள். அவருக்கு வசந்தகான சபை என்ற நிலையான குழு இருந்தது. கூடவே ஆடியவர்கள் எண்ணிச் சொல்ல முடியும். ஸ்பெஷல் நாடக நடிகருக்கு அந்த வசதி இல்லாததால், டைரி கிடைத்த ஓர் ஆண்டில் எத்தனை இரவுகள் என்று எண்ணி, அந்த எண்ணிக்கையைத் தனியாக எழுதுங்கள். கலைஞர் சொல்லும் மொத்த எண்ணை அவர் சொன்னதாகவே பக்கத்தில் எழுதுங்கள். இரண்டையும் பெருக்கி வகுத்து ஒன்றாக்க முயல வேண்டாம்.

வேடத்தை எழுதுவது

இந்தப் பகுதியில்தான் பெரும்பாலான வாழ்க்கைக் குறிப்புகள் வறண்டு போகின்றன. 'வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி, அரிச்சந்திரா ஆகிய நாடகங்களில் சிறப்பாக நடித்துப் பாராட்டுப் பெற்றார்' என்ற வரியை நூறு கலைஞர்களுக்கு எழுதலாம். உங்கள் கலைஞருக்கு மட்டும் பொருந்தும் வரியைத் தேடுங்கள்.

வள்ளி திருமணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ராஜபார்ட் நடிகர் ஒரே இரவில் வேலனாகவும் வேடனாகவும் விருத்தனாகவும் வர வேண்டும். அரச கம்பீரத்திலிருந்து காட்டு இளைஞனின் துடுக்குக்கும், அங்கிருந்து கிழவரின் தள்ளாமைக்கும் போவது அந்த வேடத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. கிழவர் தேனும் தினைமாவும் வாங்கித் தின்று விக்கல் எடுத்துத் தண்ணீர் கேட்கும் இடம் எல்லாருக்கும் பொது. ஆனால் நான் எழுதிய கலைஞர் முதல் விக்கலைக் கூட்டம் எதிர்பார்க்கும் இடத்தில் எடுக்க மாட்டார். மாவை விழுங்கிவிட்டு, தொண்டையைத் தடவிக்கொண்டு, ஒன்றும் ஆகவில்லை என்பது போல வள்ளியைப் பார்த்து அசட்டுச் சிரிப்பு சிரிப்பார். சிரிப்பு முடியும் நேரத்தில் விக்கல் வரும். இரண்டாவது விக்கலிலிருந்து மிருதங்கக்காரர் தொப்பியில் (மிருதங்கத்தின் இடப்பக்கம்) ஒரு தட்டுத் தட்டுவார். நான்காவதில் அவர் தட்டும்போது கிழவர் விக்காமல் நின்றுவிடுவார். கூட்டம் அந்த இடைவெளியில் சிரித்து ஓய்ந்த பிறகு, தாளத்துக்கு வெளியே, உடம்பே தூக்கிப்போடும்படி ஒன்று வரும். இதை எனக்குச் சொன்ன மிருதங்கக்காரர், பாயில் உட்கார்ந்தபடியே தொடையில் தட்டிக் காட்டினார். நான்காவது தட்டுக்கு அவரையே அறியாமல் நிமிர்ந்து பார்த்தார், விக்கல் வருகிறதா என்று.

இந்த அளவுக்கு மூன்று நான்கு இடங்களைப் பிடித்துவிட்டால், மீதி வேடங்களைப் பட்டியலாகக் கொடுத்தாலும் படிப்பவர் பொறுத்துக்கொள்வார். கேட்கும்போது 'எப்படி நடித்தார்' என்று கேட்காமல், 'எந்த இடத்தில் கூட்டம் அடங்கியது', 'கையை எங்கே வைத்துக்கொள்வார்', 'அழும்போது பாடுவாரா, பேசுவாரா' என்று கேளுங்கள். மயான காண்டத்தில் லோகிதாசனின் உடலுக்கு முன்னால் சுடுகாட்டுக் கூலி கேட்கும் அரிச்சந்திரன், அந்தப் பெண் தன் மனைவி என்று அறியும் கணத்தை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகக் கடப்பார்கள். உங்கள் கலைஞர் எப்படிக் கடந்தார் என்று தெரிந்தால் அவருடைய நடிப்பில் பாதியைத் தெரிந்துகொண்ட மாதிரி.

வேடங்களை ஆண்டு வரிசையில் எழுதுவதைவிட வயது வரிசையில் எழுதுவதே பொருத்தம் என்பது என் கருத்து. பழைய தலைமுறையினர் பலர் லோகிதாசனாகவோ பாலமுருகனாகவோ தொடங்கி, குரல் மென்மையாக இருக்கும்வரை ஸ்திரீபார்ட் கட்டி, மகரக்கட்டு உடைந்த (பருவ வயதில் குரல் மாறிய) பிறகு சில காலம் மேடைக்கு வெளியே நின்று, பின்பு ராஜபார்ட்டாக மீண்டு, நடு வயதுக்கு மேல் நாரதருக்கு நகர்ந்து, இறுதியில் பின்பாட்டுப் பாடுபவராகவோ வாத்தியாராகவோ ஆனார்கள். மகரக்கட்டு உடைந்த அந்த ஓரிரண்டு ஆண்டுகளைப் பற்றி அவசியம் கேளுங்கள். அந்தக் காலத்தில் அவர் சீன் படுதா இழுத்திருப்பார், ஜால்ரா போட்டிருப்பார், மற்றவர்களின் பாடங்களையெல்லாம் ஓரத்திலிருந்து கேட்டிருப்பார். எனக்குத் தெரிந்த இருவருக்குமே எல்லா வேடமும் மனப்பாடமானது அப்போதுதான்.

கேட்டு எழுத வேண்டியவை

பணம், குடி, இரண்டாவது குடும்பம், உடன் நடித்தவர்களோடு இருந்த வழக்கு ஆகியவை பேச்சில் வந்தே தீரும். ஒலிப்பதிவை நிறுத்தச் சொன்னால் உடனே நிறுத்திவிடுங்கள். நிறுத்திய பிறகு சொன்னதை நினைவிலிருந்து எழுதக் கூடாது. ஸ்திரீபார்ட், டான்ஸ் கலைஞர்களான பெண்கள் விஷயத்தில் இரட்டைக் கவனம் வேண்டும். மேடை ஏறியதற்காகவே அவர்கள் சமூகத்திடம் பட்ட அவமானம் கொஞ்சமல்ல. பிள்ளைகளுக்குச் சம்பந்தம் பேசும் இடத்தில் தொழிலைச் சொல்லாமல் மறைத்து வாழ்கிறவர்களும் உண்டு. அவர்களுடைய பெயரையோ படத்தையோ போடுவதற்கு முன் அவர்களிடமே நேரில் கேட்க வேண்டும், வேண்டாம் என்றால் 'உடன் ஆடிய ஸ்திரீபார்ட் கலைஞர்' என்று எழுதினால் போதும். 'கூத்தாடி' என்ற சொல்லை ஊரார் ஏச்சாகச் சொன்னதைக் கலைஞர் வருத்தத்தோடு நினைவுகூர்ந்தால் அதை அப்படியே எழுதலாம். நாமாக அந்தச் சொல்லை அந்தப் பொருளில் எங்கும் கையாளக் கூடாது.

எழுதி முடித்ததும் அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் கலைஞருக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள். கண் பார்வை சரியாக இருந்தாலும் படித்துத்தான் காட்ட வேண்டும். வாழ்நாள் முழுவதும் காதால் வாங்கி வாயால் கொடுத்தவர் தவறுகளைக் காதாலேயே கண்டுபிடிப்பார். முடிந்தால் ஆர்மோனியக்காரரையும் அன்று கூட்டிவந்து பக்கத்தில் உட்கார வையுங்கள். ஒருவர் சொல்வதை மற்றவர் மறுக்கும்போது இருவர் சொல்வதையும் எழுதிக்கொள்ளுங்கள். 'அறிவித்த வேடம், ஆடிய வேடம்' பத்திகளில் அதுவரை காலியாகக் கிடந்த பல வரிகள் எனக்கு நிரம்பியது அந்த ஒரு மாலையில்தான்.

பிரதிகளில் ஒன்று கலைஞரின் குடும்பத்துக்கு, ஒன்று அவர் உறுப்பினராக இருந்த நாடக நடிகர் சங்கத்துக்கு, ஒன்று மாவட்ட மைய நூலகத்துக்கு. நோட்டீஸ் படங்களின் தொகுப்பைச் சென்னையில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கும் எழுதிக் கேட்டு அனுப்பலாம். அச்சிட்ட தமிழ் நூல்களோடு நாடக நோட்டீஸ் போன்ற துண்டுத்தாள்களையும் போற்றிவரும் இடம் அது. கட்டு போடும்போது கடைசியில் பத்துப் பன்னிரண்டு வெற்றுத் தாள்களைச் சேர்த்துத் தைக்கச் சொல்லுங்கள். பிரதி ஊருக்குள் போன சில வாரங்களில் யாராவது ஒருவர், 'எங்க ஊர்ல அவர் ஒரு தடவை எமன் கட்டினார், உங்களுக்குத் தெரியாதா' என்று கேட்டபடி, மடித்து மடித்துக் கிழிந்த ஒரு ரோஸ் நிறத் தாளோடு வருவார்.